சறுக்குவது சின்னச் சொல்லில்: மாண்டரின் பேசும் உயர்நிலை மாணவருக்கு ஆங்கிலக் கருத்தறிதல் பயிற்சி

வீட்டில் மாண்டரின் பேசும் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைக்கு ஆங்கிலக் கருத்தறிதலில் மதிப்பெண் குறைந்தால், பெற்றோர் சொல்லும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: சொல்வளம் போதவில்லை. மறுநாளே ஒரு பட்டியல் வந்துவிடும். இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் சீனப் பொருள், நாளைக்கு இருபது. மனப்பாடத்தில் அந்தப் பிள்ளைகள் சூரர்கள். சின்ன வயதிலிருந்தே ஆயிரக்கணக்கான சீன எழுத்துகளை எழுதி எழுதிப் பழகிய கை அது. இருபதையும் ஒப்பித்துவிடுவார்கள். மதிப்பெண் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும்.

சிங்கப்பூரில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பல ஆண்டுகளாக ஆங்கிலத் துணைப்பாடம் எடுக்கிறேன். என்னிடம் வருபவர்களில் பாதிக்கு மேல் மாண்டரின் பேசும் பிள்ளைகள். சீனாவிலிருந்து நேராக உயர்நிலை ஒன்றிலோ இரண்டிலோ சேர்ந்தவர்களும் உண்டு. அவர்கள் என்னை ‘லாவ்ஷி’ (ஆசிரியர்) என்றுதான் கூப்பிடுகிறார்கள். என்னைப்போல் இந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும் தமிழ் ஆசிரியர்களுக்காகவே இதை எழுதுகிறேன். நமக்கு ஒரு வசதி இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் நோய் எங்கே என்று பாருங்கள்

பட்டியலைக் கையில் எடுப்பதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். பழைய தேர்வுத்தாளிலிருந்து ஒரு கதைப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள கடினமான சொற்கள் அனைத்துக்கும் பொருளை ஓரத்தில் நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள். சீனத்தில் பொருள் இருந்தாலும் பரவாயில்லை. ஒரு சொல்லைக்கூட விடவேண்டாம். பிறகு கேள்விகளுக்குப் பதில் எழுதச் சொல்லுங்கள்.

மதிப்பெண் நன்றாக ஏறினால் சொல்வளம்தான் சிக்கல். பட்டியல் ஓரளவு உதவும். ஏறவில்லை என்றால் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. என் மேசையில் பெரும்பாலும் இரண்டாவதுதான் நடக்கிறது. எல்லாச் சொல்லுக்கும் பொருள் தெரிந்த பிறகும், யார் யாரிடம் என்ன செய்தார், எது முதலில் நடந்தது, எது நடக்கவே இல்லை என்பதில் பிள்ளை தவறுகிறது. ‘ஆல்தோ’, ‘அன்லெஸ்’, ‘ஹாட்’, ‘ஹூஸ்’, ‘இட்’ போன்ற சின்னச் சொற்கள் கண்ணுக்குத் தெரியாமல் நழுவிப் போகின்றன. இவற்றை யாரும் பட்டியலில் எழுதுவதில்லை. ‘தெரியும் டீச்சர்’ என்று எல்லோரும் சொல்லும் சொற்கள் இவை.

காரணம் சீன மொழியின் அமைப்பில் இருக்கிறது. சீன வினைச்சொல் காலத்துக்கு ஏற்ப உருமாறாது. ‘நேற்று’ என்றோ ‘நாளை’ என்றோ ஒரு சொல் போட்டுவிட்டால் போதும்; வினை அப்படியே இருக்கும். முடிந்த செயலைக் காட்ட ‘லெ’ போன்ற ஓர் ஒட்டு வரும், அதுவும் எப்போதும் வராது. ஆகவே வினையின் வாலைப் பார்க்கும் பழக்கம் அந்தக் கண்ணுக்கு இல்லை. ஆங்கிலமோ பாதிக் கதையை வாலில்தான் வைத்திருக்கிறது.

ஒரு வாக்கியத்தோடு அரை மணி நேரம்

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். உயர்நிலை மூன்றில் படிக்கும் ஒரு மாணவனிடம் நான் கொடுத்த வாக்கியம் இது: ‘த உமன் ஹூஸ் சன் ஹாட் சோல்ட் த ஷாப் ரெஃப்யூஸ்ட் டு லீவ்.’ தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை. கிளம்ப மறுத்தது யார் என்று கேட்டேன். ‘மகன்’ என்றான். ஏன்? மறுத்தல் என்ற வினைக்குக் கிட்டத்தில் இருக்கும் ஆள் மகன். பெண்மணி எங்கோ முன்னால் நின்றுவிட்டார்.

சீனத்தில் இதே கருத்து எப்படி அமையும் தெரியுமா? விவரிக்கும் பகுதி முழுவதும் முதலில் வரும், அதன்பின் ‘தெ’ என்ற ஒட்டு, அதன்பின்தான் பெயர். மகன் கடையை விற்றுவிட்ட அந்தப் பெண்மணி கிளம்ப மறுத்தார். இப்போது படித்தது தமிழ்தான், ஆனால் வரிசை சீனத்துடையது. நமக்கு இருக்கும் வசதி இதுதான். தமிழிலும் பெயரெச்சம் பெயருக்கு முன்னால் வருகிறது, சீனத்திலும் அப்படியே. ஆங்கிலம் மட்டும் பெயரை முதலில் போட்டுவிட்டு விவரத்தைப் பின்னால் தொங்கவிடுகிறது. ஆங்கிலமே வீட்டு மொழியாக வளர்ந்த ஆசிரியருக்கு இந்த வாக்கியத்தில் என்ன கஷ்டம் என்றே புரியாது. நமக்குப் புரியும், நாமும் ஒரு காலத்தில் இதே திருப்பத்தில் வண்டியைத் திருப்பியவர்கள்தான்.

இதற்கு நான் செய்வது: பென்சிலால் ‘ஹூஸ்’ என்பதிலிருந்து ‘ஷாப்’ வரை அடைப்புக்குறி போடச் சொல்வேன். அடைப்புக்குள் இருப்பதை விரலால் மூடு, மீதியைப் படி. ‘த உமன் ரெஃப்யூஸ்ட் டு லீவ்.’ இப்போது கேள்வியைக் கேட்டால் சரியாகச் சொல்கிறான். பிறகு விரலை எடுத்து, மூடிய பகுதி யாரைப் பற்றியது என்று கேட்பேன். அதற்குப் பிறகுதான் ‘ஹாட் சோல்ட்’. கடை எப்போது விற்கப்பட்டது? அவர் மறுப்பதற்கு முன்பா, பிறகா? நிகழ்ச்சிகளுக்கு மேல் 1, 2 என்று எண் போடச் சொல்வேன். விற்றது 1, மறுத்தது 2. பக்கத்தில் எழுதியிருக்கும் வரிசை வேறு, வாழ்க்கையில் நடந்த வரிசை வேறு என்பதை அந்த எண்கள் காட்டிக்கொடுக்கும்.

அடுத்து, நடக்காத சம்பவம். ‘ஹி வுட் ஹாவ் காட் த பஸ் இஃப் ஹிஸ் மதர் ஹாட் நாட் கால்ட்.’ பஸ்ஸைப் பிடித்தானா? பிடித்தான் என்று பலர் எழுதுவார்கள். ‘காட்’ என்று கண்ணில் பட்டுவிட்டதல்லவா! ‘இஃப்’போடு ‘வுட் ஹாவ்’ வந்த இடமெல்லாம் ஓரத்தில் ஒரு பெருக்கல் குறி போடும் பழக்கத்தை உண்டாக்குங்கள்: இது நடக்கவில்லை. தமிழில் ‘அம்மா அழைக்காதிருந்தால் பிடித்திருப்பான்’ என்றாலே நமக்கு விளங்கிவிடும். அந்தப் பிள்ளைகளுக்குக் குறிதான் துணை.

ஒரு பத்தியில் இந்த வேலையைச் செய்ய அரை மணி நேரம் பிடிக்கும். பொறுமை வேண்டும். வாரம் ஒரு பத்தி போதும், ஆனால் முழுமையாகச் செய்யுங்கள். வாரத்துக்கு நான்கு தாள் எழுதித் திருத்தி மூடிவைப்பதைவிட இது பல மடங்கு பலன் தரும் என்பது என் அனுபவம்.

அம்புக்குறியும் பெட்டியும்

பேச்சு மாண்டரினில் அவன், அவள், அது மூன்றுக்கும் ஒரே ஒலிதான்: ‘தா’. எழுத்தில்தான் வேறுபாடு. அதனால் பேசும்போது ‘ஹி’யும் ‘ஷி’யும் மாறிமாறி வரும், அதைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். படிக்கும்போது வரும் ஆபத்து வேறு. சீனத்தில் யாரென்று தெரிந்துவிட்டால் எழுவாயையே விட்டுவிடலாம். ஆங்கிலத்திலோ ‘இட்’, ‘திஸ்’, ‘தெம்’ என்று ஒவ்வோர் அடியிலும் ஒரு பிரதிப்பெயர் நிற்கும். அது எதைச் சுட்டுகிறது என்பதே கேள்வியாகவும் வரும். ஆகவே ஒவ்வொரு பிரதிப்பெயரிலிருந்தும் அதன் சொந்தக்காரருக்கு ஓர் அம்புக்குறி. ‘திஸ்’ மட்டும் தனி ஜாதி. அது பெரும்பாலும் ஓர் ஆளையோ பொருளையோ சுட்டாமல் முந்தைய வாக்கியம் முழுவதையும் சுட்டும். அதற்கு அம்பைப் பத்தியின் முக்கால்வாசி தூரம் இழுக்க வேண்டியிருக்கும்.

இணைப்புச் சொற்களுக்குப் பெட்டி. சீனத்தில் இவை ஜோடியாக வரும்: ‘சுய்ரான்’ (இருந்தபோதிலும்) என்று தொடங்கினால் ‘தான்ஷி’ (ஆனால்) என்று பதில் வரும்; ‘யின்வெய்’ (ஏனென்றால்) என்றால் ‘ஸுவோயி’ (ஆகவே). அதனால் ஆங்கிலத்திலும் ‘ஆல்தோ’ போட்டுவிட்டு ‘பட்’டைத் தேடுவார்கள், எழுதும்போது இரண்டையும் போட்டுவிடுவார்கள். ‘ஆல்தோ’ தனியாக நடு வாக்கியத்தில் வந்தால் திருப்பம் இருப்பதையே கவனிக்க மாட்டார்கள். பெட்டி போட்டபின் ஒரே கேள்வி: இதற்கு முன் உள்ளதும் பின் உள்ளதும் ஒரே திசையா, எதிர்த் திசையா?

‘ஹார்ட்லி’, ‘பேர்லி’, ‘ஃபியூ’ ஆகியவற்றைத் தனியாக ஒரு நாள் எடுங்கள். ‘ஹார்ட்லி’ என்றால் ‘கடுமையாக’ என்று நினைக்கும் பிள்ளைகள் ஏராளம். ‘ஃபியூ பீப்பிள் கேம்’ என்றால் அதிகம் பேர் வரவில்லை என்று குறைபடுவது. ‘எ ஃபியூ பீப்பிள் கேம்’ என்றால் சிலராவது வந்தார்களே என்பது. ஓர் ‘எ’யில் ஆசிரியரின் மனநிலையே மாறுகிறது.

சொல்வளம்: குறைவாக, ஆனால் கூட்டாளியோடு

சொல் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. பட்டியலில் தனித்தனியாக நிறுத்துவதில்தான் எனக்குச் சண்டை. மாண்டரினில் விளக்கைத் ‘திறப்பார்கள்’, புத்தகத்தைப் ‘பார்ப்பார்கள்’, கனத்த மழை அவர்களுக்குப் ‘பெரிய’ மழை. ‘ஓப்பன் த லைட்’ என்று இந்த ஊரில் காதில் விழுவதற்கு மூலம் இதுதான். எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேரும் என்பது தெரியாவிட்டால், ஐயாயிரம் சொல் தெரிந்தும் வாக்கியம் நொண்டும்.

என் மாணவர்களின் குறிப்பேட்டில் ஒரு சொல்லுக்கு அரைப் பக்கம். மேலே சொல். அதன்கீழ், பத்தியில் அது வந்த வாக்கியம், அப்படியே. அதற்கும் கீழ், அந்தச் சொல்லோடு வழக்கமாகச் சேரும் இரண்டு கூட்டாளிகள். சீனப் பொருள் பக்கத்தின் பின்புறத்தில், சிறிய எழுத்தில். திருப்பிப் பார்க்க ஒரு சிரமம் இருக்க வேண்டும். அந்தச் சிரமத்தில்தான் நினைவு வேலை செய்கிறது. ஒரு பத்தியிலிருந்து ஐந்து சொற்களுக்கு மேல் எடுக்க விடமாட்டேன். எந்த ஐந்து? கேள்விக்குப் பதில் சொல்ல உதவியவை, வேறொரு பத்தியிலும் கண்ணில் பட்டவை. மாளிகையின் கூரை அலங்காரத்துக்கு உரிய சொல்லை யாரும் இரண்டாம் முறை சந்திக்கப் போவதில்லை, விட்டுவிடலாம்.

கட்டுரை வகைப் பத்திகளுக்கு மட்டும் ஒரு பட்டியலை நான் மதிக்கிறேன். நியூசிலாந்தின் வெலிங்டனில் அவெரில் காக்ஸ்ஹெட் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட கல்விசார் சொற்பட்டியல் அது. 570 சொற்குடும்பங்கள். அறிவியல், சட்டம், வணிகம் என எந்தப் பாடத்திலும் திரும்பத் திரும்ப வருபவை. அதையும் மனப்பாடம் செய்யவேண்டாம். பத்தியில் வந்த சொல் அந்தப் பட்டியலில் இருந்தால் குறிப்பேட்டில் இடம், இல்லையென்றால் யோசிக்கலாம் என்று வடிகட்டியாகப் பயன்படுத்துங்கள்.

அகராதியைப் பொறுத்தவரை, கைப்பேசிக் கேமராவைப் பத்திமேல் பிடித்துச் சீனமாக்கும் வேலைக்கு என் மேசையில் இடமில்லை. கற்போருக்கான ஆங்கில-ஆங்கில அகராதிதான். லாங்மேன் அகராதி ஏறத்தாழ 2000 எளிய சொற்களுக்குள்ளேயே எல்லாப் பொருளையும் விளக்கிவிடுகிறது. அந்த 2000 தெரிந்த பிள்ளைக்கு அகராதி வாசிப்பதே ஒரு கருத்தறிதல் பயிற்சி.

இந்தப் பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே வந்த ஒரு திறமை இருக்கிறது, பலர் அதைப் பயன்படுத்துவதே இல்லை. சீன எழுத்தில் இடப்பக்கம் மூன்று சொட்டு இருந்தால் தண்ணீர் சம்பந்தப்பட்டது: ஆறு, கடல், கண்ணீர், சூப் எல்லாவற்றிலும் அந்தச் சொட்டு உண்டு. கூட்டுச்சொற்களும் அப்படித்தான். கணினி ‘தியென்னாவ்’, அதாவது மின்மூளை. திரைப்படம் ‘தியென்யிங்’, மின்நிழல். தொலைபேசி ‘தியென்ஹுவா’, மின்பேச்சு. துண்டுகளைப் பார்த்துப் பொருளை ஊகிப்பது அவர்களுக்குத் தினசரி வேலை. ஆங்கிலத்திலும் அதையே செய்யலாம் என்று யாராவது சொல்லித்தர வேண்டும். ‘ஸ்பெக்ட்’ என்றால் பார்வை: ‘இன்ஸ்பெக்ட்’, ‘ஸ்பெக்டேட்டர்’, ‘ஸ்பெக்டகிள்’. ‘போர்ட்’ என்றால் சுமத்தல்: ‘டிரான்ஸ்போர்ட்’, ‘எக்ஸ்போர்ட்’, ‘போர்ட்டபிள்’. இதைக் காட்டியதும் அவர்கள் முகத்தில் தெரியும் உற்சாகம் தனி. கூடவே ஓர் எச்சரிக்கை: ‘இன்வேல்யுவபிள்’ என்றால் மதிப்பில்லாதது என்று எழுதிவிடுவார்கள். அதன் பொருள் விலைமதிப்பற்றது. ஊகித்ததை வாக்கியத்தில் வைத்துப் பார்த்தபிறகே நம்ப வேண்டும்.

சொந்தச் சொல்லில் பதில்

சிங்கப்பூரின் சாதாரண நிலை (ஓ-லெவல்) ஆங்கிலத் தேர்வில் கருத்தறிதல் இரண்டாம் தாள்: 50 மதிப்பெண், 1 மணி 50 நிமிடம். முதல் பகுதி, படத்துடன் கூடியது, 5 மதிப்பெண். கதைப் பகுதி 20. கட்டுரை வகைப் பகுதி 25. அதில் 15 சுருக்கி வரைதலுக்கு, 80 சொற்களுக்குள். 2027 முதல் சாதாரண நிலை, வழக்கநிலை (என்-லெவல்) தேர்வுகளுக்குப் பதில் சிங்கப்பூர்-கேம்பிரிட்ஜ் உயர்நிலைக் கல்விச் சான்றிதழ் வருகிறது. தேர்வின் பெயர் எதுவானாலும், பத்தியிலிருந்து அப்படியே தூக்கி எழுதியவருக்கு மதிப்பெண் வராத கேள்விகள் இருக்கத்தான் செய்யும்.

என் முறை இதுதான். பத்தியை மூடச் சொல்வேன். கேள்வியின் பதிலை மாண்டரினில் எனக்குச் சொல் என்பேன். எனக்கு மாண்டரின் அரைகுறைதான். சந்தையில் மீன் வாங்கும் அளவு. பரவாயில்லை. அவன் எங்கே தயங்குகிறான் என்பது காதுக்குத் தெரியும். சரளமாகப் போய்க்கொண்டிருந்த பேச்சு ஓரிடத்தில் ‘அந்த... அந்த...’ என்று இழுத்தால் அங்கேதான் புரியவில்லை. பத்தியைத் திறந்து அந்த இடத்தை மட்டும் மறுபடி அடைப்புக்குறி, அம்புக்குறியோடு பார்ப்போம். தாய்மொழியில் தெளிவாகச் சொல்ல வராததை ஆங்கிலத்தில் எழுத முயல்வது வீண்.

சொல்லி முடித்ததும், மூடியபடியே ஆங்கிலத்தில் எழுத வேண்டும். பிறகு பத்தியோடு ஒப்பிட்டு, தொடர்ந்து மூன்று சொற்கள் அப்படியே வந்திருந்தால் மாற்ற வேண்டும். பெயர்கள், கலைச்சொற்கள் விதிவிலக்கு. ‘ஆக்சிஜன்’ என்பதற்கு மாற்றுச்சொல் தேடி நேரத்தைத் தொலைத்தவர்களும் உண்டு.

பாத்திரத்தின் உணர்வைக் கேட்டால் ‘சேட்’, ‘ஆங்கிரி’, ‘ஹேப்பி’ இந்த மூன்றில் ஒன்றுதான் வரும். கோபத்தை மட்டும் ஒரு நாள் எடுத்து, சம்பவங்களால் பிரித்துக் காட்டுங்கள். பக்கத்து மேசைக்காரன் பேனாவைத் தட்டிக்கொண்டே இருந்தால் ‘அனாய்ட்’. செய்யாத தவறுக்குத் தண்டித்தால் ‘இன்டிக்னன்ட்’. எழுதி முடித்த ஒப்படைப்பை யாரோ கிழித்துப்போட்டால் ‘ஃபியூரியஸ்’. சம்பவத்தோடு ஒட்டிய சொல் தேர்வறையில் தானாக வரும்.

எதைப் படிப்பது

பாடத்துக்கு வெளியே படிக்கும் புத்தகம் எளிதாக இருக்க வேண்டும். பெற்றோருக்கு இது பிடிப்பதில்லை. கனமான நாவலைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். துணையின்றி ஒரு கதையைப் புரிந்துகொள்ள அதிலுள்ள சொற்களில் சுமார் 98 விழுக்காடு தெரிந்திருக்க வேண்டும் என்று மார்செல்லா ஹு, பால் நேஷன் இருவரும் 2000 ஆம் ஆண்டு ஆய்வில் கண்டார்கள். அதாவது நூறு சொல்லுக்கு இரண்டு தெரியாத சொல். நூலகத்தில் புத்தகத்தை எடுத்ததும் நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து, நூறு சொல் எண்ணி, தெரியாதவற்றுக்கு விரல் மடக்கச் சொல்லுங்கள். இரண்டு விரலுக்கு மேல் மடங்கிவிட்டால் புத்தகத்தைத் திரும்ப வைத்துவிடலாம். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளின் அலமாரியில் போய் நின்றாலும் வெட்கமில்லை. அட்டையை வேறு யாரும் பார்க்கப் போவதில்லை, பார்த்தாலும் என்ன?

செய்திக் கட்டுரை படிக்கும்போது எண்களைக் கவனியுங்கள். சீனத்தில் பத்தாயிரத்துக்கு ‘வான்’ என்று தனிச்சொல். பெரிய எண்களை அதை வைத்தே எண்ணுவார்கள். ‘மில்லியன்’ அவர்களுக்கு நூறு வான், நமக்குப் பத்து இலட்சம். இரு தரப்புக்கும் மனக்கணக்கு தேவைப்படுகிறது. மக்கள்தொகை, செலவு பற்றிய பத்தியில் ஒரு சுழியம் தவறிப் போனால் காரணம் கேட்கும் கேள்வி முழுவதும் தவறிப் போகும். எண்களுக்கு மேல் சுழியங்களை எழுதிப் பார்க்கும் பழக்கம் போதும்.

கடைசியாக, எந்தப் பயிற்சி நூல் வாங்குவது என்று எல்லாப் பெற்றோரும் கேட்கிறார்கள். வீட்டில் ஏற்கெனவே இருப்பதைக் கொண்டுவரச் சொல்வேன். பெரும்பாலும் மூன்று நான்கு நூல்கள் வரும், ஒவ்வொன்றிலும் முதல் பத்துப் பக்கம் மட்டும் எழுதப்பட்டிருக்கும். அதில் சிவப்பு மையால் திருத்தப்பட்ட பக்கங்களை முதலில் எடுப்போம். தவறான ஒவ்வொரு பதிலுக்கும் பக்கத்தில் காரணம் எழுத வேண்டும்: சொல் தெரியவில்லை, பிரதிப்பெயர், காலம், இணைப்புச் சொல், கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லை. எந்தக் காரணம் அதிகம் வருகிறதோ அடுத்த மாதப் பாடம் அதுதான். புது நூல் வாங்கும் பேச்சை அந்தப் பழைய நூல்கள் தீர்ந்தபிறகு வைத்துக்கொள்ளலாம்.